வலைநூல் எந்தப் பட்டியலில் வரும்?

2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுவதும் ஊரடங்கு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகம் அன்றே ஓர் ஆணையையும் வெளியிட்டது. கடைகள் அனைத்தும் மூடப்பட வேண்டும். ரேஷன், மளிகை, காய்கறி, பழம், பால், கால்நடைத் தீவனம், இறைச்சி, மீன் போன்றவற்றுக்கு விலக்கு. மீன் விற்கலாம் என்று எழுதியவர்கள், அந்த மீனைக் கடலுக்குப் போய்ப் பிடித்து வரலாம் என்று எழுதவில்லை. மீன்பிடித் தொழிலுக்கான விலக்கு ஏப்ரல் 10 அன்றுதான் வந்தது. இடையில் கழிந்த 16 நாளும் சட்டத்தின் கண்ணில் மீன் அத்தியாவசியம். மீன்பிடித்தல் அத்தியாவசியம் இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தேங்காய்ப்பட்டணத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் இருக்கிறது இனயம். கடலை நம்பிப் பிழைக்கும் ஊர். ஒக்கிப் புயலின் அடியைத் தாங்கிய கரை. பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் இங்கே வரப்போகிறது என்று 2016இல் அறிவிப்பு வந்தபோது எதிர்த்து நின்ற கரையும் இதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் அத்தியாவசியமற்ற கடைகளுக்கு மக்கள் போகலாமா, கூடாதா என்ற கேள்வியை இந்த மணலில் நின்று கேட்க விரும்புகிறேன். சென்னையிலோ டெல்லியிலோ இருந்து கேட்கும்போது அந்தக் கேள்விக்குச் சட்டென்று ஒரு விடை கிடைக்கிறது: போகக் கூடாது. உயிரைவிடப் புடவையா பெரிது? இனயத்தில் நின்றால் விடைக்கு முன்பே கேள்வி இடறுகிறது. எது அத்தியாவசியம்? வலையில் கிழிசல் விழுந்தால் தைக்க நூல் வேண்டும். வெளிப்பொருத்து எஞ்சினில் ஒரு வாஷர் போனால் வள்ளம் கரையைவிட்டு நகராது. வலைக்கடையும் எஞ்சின் உதிரிபாகக் கடையும் அந்த முதல் பட்டியலில் இல்லை. ஆனால் இவை இரண்டும் இல்லாமல், பட்டியலில் இருக்கும் மீன் கரைக்கு வராது.

இந்தக் குறையை அதிகாரிகளின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு பொருள் தன்னந்தனியாக அத்தியாவசியமாவதில்லை. அதன் பின்னால் பத்துத் தொழில்களும் பத்துக் கடைகளும் நிற்கின்றன. ஊரடங்கின் முதல் மாதத்தில் பட்டியல் எப்படி நீண்டது என்று தேதி வாரியாகப் பார்த்தாலே இது விளங்கும். மார்ச் 27 அன்று விதை, உரக் கடைகளுக்கும் வேளாண் சந்தைகளுக்கும் விலக்கு வந்தது. ஏப்ரல் 3 அன்று வேளாண் எந்திரங்களின் உதிரிபாகக் கடைகளும் நெடுஞ்சாலை லாரி பழுதுபார்ப்புக் கடைகளும் சேர்ந்தன. ஏப்ரல் 10 அன்று மீன்பிடித் தொழில். ஏப்ரல் 21 அன்று மாணவர்களின் பாடப்புத்தகக் கடைகளும் மின்விசிறிக் கடைகளும். ஏப்ரல் 24 இரவு, நகரங்களின் பெரிய வணிக வளாகங்கள் போன்றவற்றைத் தவிர்த்து, குடியிருப்புப் பகுதிக் கடைகளையும் தனிக்கடைகளையும் பாதி ஊழியர்களோடு திறக்கலாம் என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. டிராக்டரின் உதிரிபாகத்துக்கு ஏப்ரல் 3இல் தனியாக ஒரு வரி எழுத முடிந்தது. வள்ளத்தின் உதிரிபாகத்துக்கு அப்படித் தனி வரி எழுதப்படவில்லை. பட்டியல் எழுதும் மேசைக்கு வயல் தெரிந்த அளவுக்குக் கடல் தெரியவில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டும் இந்தக் கரையிலேயே இருக்கிறது. குமரி மாவட்ட மீனவர்கள் பலர் வளைகுடா நாடுகளிலும் ஈரானிலும் கூலிக்கு மீன்பிடிக்கப் போகிறவர்கள். 2020 தொடக்கத்தில் ஈரானில் தொற்று பரவியபோது நூற்றுக்கணக்கானோர் அங்கே சிக்கிக்கொண்டார்கள். கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஜூலை 1 அன்றுதான். அதுவரை நான்கு மாதம், கரையில் இருந்த பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் அவர்களோடு இருந்த ஒரே தொடர்பு அலைபேசி. ரீசார்ஜ் செய்யும் வசதியே ஏப்ரல் 21 ஆணையில்தான் தெளிவாக எழுதப்பட்டது. அலைபேசி பழுதுபார்க்கும் கடைகள் மே மாதம் பிறக்கும் வரை மூடிக் கிடந்தன. திரை உடைந்த ஓர் அலைபேசியைச் சரிசெய்வது ஆடம்பரமா, அவசியமா? ஈரானில் ஆள் இருக்கும் வீட்டுக்கு ஒரு விடை; பக்கத்து வீட்டுக்கு வேறொரு விடை.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததில்லை. பிரான்சில் 2020 அக்டோபர் இறுதியில் இரண்டாம் ஊரடங்கு வந்தபோது புத்தகக் கடைகள் அத்தியாவசியமற்றவை என்று மூடப்பட்டன. பேரங்காடியில் மட்டும் புத்தகம் விற்பது நியாயமா என்று குரல் எழுந்தது. அரசு அதற்குக் கண்ட வழி, பேரங்காடியின் புத்தக அலமாரியையும் மூடியது. நவம்பர் இறுதியில் கடைகள் திறந்தன. 2021 பிப்ரவரியில் புத்தகக் கடைகள் அத்தியாவசியப் பட்டியலிலேயே ஏறின. வேல்ஸ் நாட்டில் 2020 அக்டோபர் 23 முதல் 17 நாள் அடைப்பு. திறந்திருந்த பேரங்காடிகளுக்குள்ளும் அத்தியாவசியமற்ற பொருள்களைத் துணிபோட்டு மறைக்கச் சொன்னார்கள். குழந்தை உடுப்பு எந்தப் பக்கம், மாதவிடாய்ப் பொருள்கள் எந்தப் பக்கம் என்று பெருங்குழப்பம் வந்தது. கடைக்குள் ஏற்கெனவே நிற்கிற ஒருவர் அரிசி மூட்டையோடு ஒரு சட்டையும் எடுத்துக்கொண்டால் நோய் எப்படிக் கூடுதலாகப் பரவும் என்று மக்கள் கேட்டார்கள். பக்கத்துக் கடைக்காரருக்கு நியாயம் செய்யவே அந்த விதி என்று அரசு சொன்னது. வணிக நீதி என்ற அளவில் அந்தப் பதிலை ஏற்கலாம். நோய்த் தடுப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நோய் எதைப் பார்க்கிறது என்பதை இனிப் பார்ப்போம். கடையில் என்ன விற்கிறார்கள் என்பது வைரசுக்குத் தெரியாது. உள்ளே எத்தனை பேர், எவ்வளவு நெருக்கமாக, எவ்வளவு நேரம், காற்று ஓடுகிறதா தேங்குகிறதா என்பவைதான் அதன் கணக்கு. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்து உணவகம் ஒன்றில் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்குத் தொற்று வந்தது. குளிர்சாதனக் காற்று சுழன்ற பாதையிலேயே அந்த மேசைகள் இருந்தன. காற்றின் வழியே பரவுவது பற்றி நெடுநாள் நடந்த விவாதத்தில் இது தவறாமல் பேசப்பட்ட நிகழ்வு.

நம் மாநிலத்திலிருந்தே ஒரு பெரிய சான்று உண்டு. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்றுத் தடம் தேடியவர்கள் திரட்டிய விவரங்களை ரமணன் லட்சுமிநாராயணனும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்து 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். தொற்று உறுதியான 84,965 பேர்; அவர்களோடு பழகிச் சோதனைக்கு உள்ளான 5,75,071 பேர். உலகில் அதுவரை இவ்வளவு பெரிய அளவில் யாரும் தடம் தேடியதில்லை என்றே சொல்லலாம். அதில் தெரிந்த செய்திகளில் இரண்டு நம் கேள்விக்கு நேராக வருகின்றன. ஒன்று, தொற்று கண்டவர்களில் 71 விழுக்காட்டினரிடமிருந்து அவர்களுடைய தொடர்புகளில் யாருக்கும் பரவியதாகத் தெரியவில்லை. சிலரிடமிருந்துதான் பலருக்குப் போனது. இரண்டாவது, வீட்டுக்குள் பழகியவர்களில் 9 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்தது. வெளியே சமூகத்தில் பழகியவர்களில் 2.6 விழுக்காட்டினருக்கு வந்தது. பேருந்து போன்ற வாகனத்தில் தொற்றாளருக்கு அருகே ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்த 78 பேர் அடங்கிய சிறு குழுவில் 79 விழுக்காட்டினருக்கு வந்தது. நெருக்கமும் நேரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, வீட்டைவிடக் கடையே மேல் என்று யாராவது சொன்னால் அது தவறு. கடையில் தொற்றியது யாரிடமிருந்து என்று எவருக்கும் தெரியாது. ஒரே கவுண்டரில் முன்பின் நின்ற இருவருக்குப் பெயர்கூடத் தெரியாது. தடம் தேடுபவரிடம் எதைச் சொல்வார்கள்? ஆகவே கடைவழித் தொற்று இத்தகைய ஆய்வுகளில் குறைத்தே எண்ணப்பட்டிருக்கும். அதோடு, வீட்டுக்குள் பரவிய தொற்று முதலில் வெளியிலிருந்துதான் வீட்டுக்கு வந்தது. இனயம் போன்ற கடற்கரை ஊர்களில் இதற்கு எடை கூடுதல். சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகள். கிழவியும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே அறையில் படுக்கும் குடும்பங்கள். கடைக்குப் போன ஒருவர் கொண்டுவரும் தொற்று அங்கே ஒருவரோடு நிற்காது. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் நெருக்கமே சதுரக் கிலோமீட்டருக்கு 1,111 பேர்; கரையோர ஊர்களின் நெருக்கம் கண்ணால் பார்த்தாலே தெரியும்.

வெளிநாட்டு ஆய்வுகளில் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். 41 நாடுகளின் 2020 முதல் அலையை ஆராய்ந்து ‘சயின்ஸ்’ வெளியிட்ட கட்டுரை ஒன்று, கூட்டங்களைப் பத்துப் பேருக்குள் கட்டுப்படுத்தியதும், கல்வி நிலையங்களை மூடியதும், ஆட்கள் நேருக்கு நேர் நெருங்கும் வணிகங்களை மூடியதும் பரவலைக் கணிசமாகக் குறைத்தன என்கிறது. அதற்கு மேல், வீட்டைவிட்டு வெளியே வராதே என்ற ஆணையால் கிடைத்த கூடுதல் பலன் ஒப்பீட்டளவில் சிறியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது இரண்டாவது. அமெரிக்காவின் 10 பெருநகரப் பகுதிகளில் 9 கோடியே 80 லட்சம் பேரின் நடமாட்டத்தை வைத்துப் போட்ட கணிப்பு அது. கடைகளை மூடாமல், உள்ளே நிற்போர் எண்ணிக்கையைக் கொள்ளளவின் 20 விழுக்காட்டோடு நிறுத்தினாலே சிகாகோவில் புதிய தொற்றுகள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறையும் என்றது. அதனால் இழக்கும் வாடிக்கையாளர் வருகை 42 விழுக்காடுதான். அதே ஆய்வு சொன்ன இன்னொன்றைப் படித்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. வருமானம் குறைந்த பகுதி மக்களுக்கு மளிகைக் கடைக்குப் போவதே, வசதியானவர்கள் மளிகைக் கடைக்குப் போவதைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஆபத்தாக இருந்தது. அவர்களின் கடைகள் சிறியவை, நெரிசலானவை. அத்தியாவசியக் கடைதான்; ஆனாலும் ஏழையின் அத்தியாவசியக் கடை வேறு.

இவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கத் தெருக்களின் கணக்குகள். கருங்கல் சந்தைக்கோ மார்த்தாண்டம் கடைவீதிக்கோ அவற்றை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அவை சுட்டும் திசைக்கு நம் ஊர் அனுபவமே சாட்சி.

கோயம்பேட்டை எடுத்துக்கொள்வோம். காய்கறி, பழம், பூச் சந்தை. எந்த நாட்டின் எந்தப் பட்டியலிலும் காய்கறி முதல் வரியில் இருக்கும். சென்னை, கோவை, மதுரை நகரங்களில் 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு அடைப்பு என்று 24ஆம் தேதி அறிவித்தார்கள். மறுநாள் 25ஆம் தேதி கோயம்பேட்டிலும் மற்றக் கடைகளிலும் மக்கள் முண்டியடித்தார்கள். கோயம்பேட்டுத் தொற்று சென்னையைத் தாண்டி கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று லாரிகளோடும் தொழிலாளர்களோடும் போனது. மே 5 அன்று சந்தையை மூடி, பின்னர் திருமழிசைக்கு மாற்றினார்கள். முதல் அலையில் தமிழ்நாட்டின் பெரும் தொற்றுக் கண்ணிகளில் ஒன்று, அத்தியாவசியத்திலும் அத்தியாவசியமான ஒரு சந்தையிலிருந்து கிளம்பியது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததும் நம் கதைதான். களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம் மாவட்டம். அந்தக் கரையும் இந்தக் கரையும் ஒரே தொழில், ஒரே மீன், பல வீடுகளில் ஒரே உறவு. 2020 ஜூலையில் திருவனந்தபுரத்தின் பூந்துறையில் தொற்று வெடித்தபோது, தொடக்கம் குமரிச்சந்தை என்ற மீன்சந்தை என்று கண்டார்கள். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து போகும் மீனும் அங்கே விற்பனையாகிறது. பூந்துறையில் கமாண்டோக்களை இறக்கினார்கள். சாமான் வாங்க வழியில்லை என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார்.

அதே வாரத்தில் அதே நகரத்தின் அட்டக்குளங்கரையில், குமரி மாவட்டத்தார் பலரும் கல்யாணத்துக்குத் துணியெடுக்கப் போகும் வட்டாரத்தில், ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் ஊழியர்கள் 61 பேருக்குத் தொற்று உறுதியானது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மீன் அத்தியாவசியம், ஜவுளி இல்லை. தொற்று இரண்டு இடத்திலும் ஒரே வழியில் பரவியது: நெருக்கம், நீண்ட நேரம், திரும்பத் திரும்ப அதே ஆட்கள். அட்டக்குளங்கரையில் முதலில் அடிபட்டவர்கள் துணி வாங்கப் போனவர்கள் அல்லர். மூடிய கட்டடத்துக்குள் பகல் முழுக்க நின்று, சேர்ந்து தங்கிச் சேர்ந்து சாப்பிடும் விற்பனைப் பிள்ளைகள். அத்தியாவசியமில்லாத கடைக்குப் போகலாமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும்போது பெரும்பாலும் நம் உடம்பைப் பற்றித்தான் யோசிக்கிறோம். நாம் உள்ளே இருப்பது அரைமணி நேரம். அந்தப் பிள்ளை அங்கே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறது, நம்மைப்போல் நூறு பேரைப் பார்க்கிறது. என்னைப் பொறுத்தவரை, தள்ளிப்போடக்கூடிய பொருளுக்காகக் கடைக்குப் போகக் கூடாது என்பதற்கு மிக வலுவான காரணம் இதுதான்.

தமிழ்நாடு அரசும் ஒருகட்டத்தில் பொருளை விட்டுக் காற்றைப் பார்க்கத் தொடங்கியது. 2020 மே 11 முதல் 34 வகைத் தனிக்கடைகளைத் திறக்கலாம் என்று வந்த பட்டியலில், ஊரகப் பகுதிச் சிறிய ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் ஒரு நிபந்தனை இருந்தது: குளிர்சாதன வசதி இருக்கக் கூடாது. அந்த ஒரு வரியில் இருந்த அறிவு, அதற்கு முந்தைய ஏறத்தாழ ஏழு வாரப் பட்டியல்கள் எதிலும் இல்லை என்பது என் முடிவு. சன்னலும் வாசலும் திறந்த பத்துக்குப் பத்து ஜவுளிக்கடையில் இருவர் இருவராகப் போய் வருவது, குளிரூட்டிய பேரங்காடியில் மளிகை வாங்க வரிசையில் நிற்பதைவிட ஆபத்துக் குறைந்தது.

அதே மாதத்தில்தான், இங்கே எந்த அத்தியாவசியப் பட்டியலிலும் இல்லாத மதுக்கடைகளை மே 7 அன்று அரசே திறந்தது. ஒரே நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை. இடைவெளி விதிகள் பின்பற்றப்படவில்லை என்று மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. 16ஆம் தேதி கடைகள் மீண்டும் திறந்தன. முடிதிருத்தும் கடைகள் அப்போதும் பூட்டிக் கிடந்தன. ஊரகப் பகுதிகளில் அவை திறந்தது மே 19இல்தான். முடிதிருத்துவோரும் ஜவுளிக்கடைப் பையன்களும் இதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். ‘போகாதே’ என்று சொல்லும் அதிகாரம் ஓர் அரசுக்கு அதன் நேர்மையிலிருந்து வருகிறது. மே 7 அன்று அது குறைந்தது. அதற்குப் பிறகு மக்களிடம் கட்டுப்பாடு பேசுவது கடினமாயிற்று.

கடை நேரத்தைச் சுருக்கியதிலும் நெரிசலைப் பார்க்காத பிழை நடந்தது. இரண்டாம் அலையில், 2021 மே 10 முதல் மளிகைக் கடைகள் பகல் 12 மணி வரை. மே 15 முதல் காலை 10 மணி வரை மட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊரில் ஒரு மளிகைக் கடைக்கு ஒரு நாளில் 300 பேர் வருகிறார்கள், ஒருவர் கால்மணி நேரம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை 12 மணி நேரம் திறந்திருந்தால் ஒரே சமயத்தில் சராசரியாக ஆறு பேர் நிற்பார்கள். காலை 6 முதல் 10 வரை மட்டும் என்றால் பத்தொன்பது பேர். பசி சுருங்காது, வீட்டில் ஆள் குறையாது, கடைக்கு வரும் நேரம் மட்டும் சுருங்கும். மே 24 முதல் தளர்வற்ற முழு ஊரடங்கு என்று அறிவித்து, அதற்கு முன் 22, 23 தேதிகளில் எல்லாக் கடைகளையும் இரவு 9 மணி வரை திறக்கவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஒருநாள் தொற்று 36,184 என்று உச்சத்தைத் தொட்டது மே 21இல். அதற்கு அடுத்த இரண்டு நாள் கடைவீதிகளில் கூட்டம். பிறகு காய்கறி வண்டிகளும் மே 31 முதல் மளிகை வண்டிகளும் தெருவுக்கு வந்தன. அது நல்ல ஏற்பாடு. முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தார்கள்.

எல்லாவற்றையும் வீட்டுக்கே வரவழைத்தால் போதுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாமானைக் கொண்டுவருபவரும் ஒரு வீட்டின் பிள்ளை. ஆபத்து அதோடு ஒழிவதில்லை, தோள் மாறுகிறது. ஒரு வண்டியில் ஐம்பது வீட்டுக்கு வருவதால் மொத்த நெரிசல் குறைகிறது என்பது உண்மை. ஆகவே அந்த வழியை ஆதரிக்கிறேன். அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதை மறக்காமல் ஆதரிக்க வேண்டும்.

இனி, எழுதக் கை நடுங்கும் பகுதி. 2020 ஜூன் 19, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ். அவர்களுடையது அலைபேசிக் கடை. மே மாதப் பட்டியலின்படி திறந்திருக்க அனுமதி பெற்ற வகை. அனுமதித்த நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்துவைத்திருந்தார்கள் என்பது காவல் துறை சொன்ன காரணம். இருவரும் காவல் நிலையத்தில் இரவு முழுக்க அடிக்கப்பட்டார்கள். கோவில்பட்டிக் கிளைச்சிறையில் வைக்கப்பட்டு, ஜூன் 22 இரவு மகனும் 23 காலை தந்தையும் இறந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது. அந்த நிலையத்துத் தலைமைக் காவலர் ரேவதி தைரியமாகச் சாட்சி சொன்னார். மத்தியப் புலனாய்வுத் துறை காவலர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அரசு ஊழியரின் ஆணையை மீறுவது பற்றிய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 188இன்படி, ஆணை மீறலுக்கு அதிகபட்சம் ஒரு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்; உயிருக்கு ஆபத்து விளையும் மீறலானால் அதிகபட்சம் ஆறு மாதம் அல்லது 1,000 ரூபாய், அல்லது இரண்டும். ஒரு கடை சில நிமிடம் கூடுதலாகத் திறந்திருந்ததற்கு அந்தப் பிரிவு வைத்திருந்த விலை அவ்வளவுதான்.

சாத்தான்குளத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தத் தலைப்பில் யாரும் தமிழில் எழுத முடியாது. கடைக்குப் போவது சரியா என்பது ஒழுக்கக் கேள்வி, மருத்துவக் கேள்வி. அதை லத்தியின் கையில் கொடுத்தபோது அது வேறொன்றாகிவிட்டது. தெளிவில்லாத பட்டியலும், நாளுக்கு நாள் மாறும் நேரமும், அடிக்கலாம் என்ற துணிவும் சேர்ந்தால் இப்படித்தான் முடியும். 2020 செப்டம்பரில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி முகக்கவசத்துக்கு 200 ரூபாய், இடைவெளி மீறலுக்கு 500 ரூபாய் என்று உடனடி அபராதம் கொண்டுவந்தார்கள். ஆறு மாதம் முன்பே அது இருந்திருந்தால் காவலர் கையில் ரசீதுப் புத்தகம் இருந்திருக்கும்.

அப்படியானால் போகலாமா, கூடாதா? என் விடையைச் சொல்லிவிடுகிறேன். பரவல் உச்சத்தில் இருக்கும் வாரங்களில், தள்ளிப்போடக்கூடிய எதற்காகவும் கடைக்குப் போகக் கூடாது. கடை திறந்திருந்தாலும் போகக் கூடாது. திறந்திருக்கிறது என்பது சட்டத்தின் அனுமதி, நோயின் அனுமதி அன்று. பெருநாள் துணி தள்ளிப்போகும். நகை தள்ளிப்போகும். 2020 ஏப்ரல் 12 ஈஸ்டர் திருநாளில் ஆலயக் கதவே பூட்டியிருந்தது. பூசையையே வீட்டிலிருந்து பார்த்த மக்களுக்குப் புதுத்துணியைத் தள்ளிவைப்பது முடியாத காரியமில்லை. ஆனால் எது தள்ளிப்போகும் என்பதை அந்தந்த வீட்டின் தொழிலும் நோயும் வயதும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. வலைநூல் தள்ளிப்போகாது. கண்ணாடி உடைந்த கிழவருக்குக் கண்ணாடிக்கடை தள்ளிப்போகாது. பள்ளி மூடி, பாடம் அலைபேசிக்கு மாறிய வருடத்தில் ஒரு பிள்ளைக்கு அலைபேசிக் கடையும் தள்ளிப்போகாது.

அத்தியாவசியக் கடை என்பதற்காக அங்கே கூட்டமாகப் போவதும் அதே அளவுக்குத் தவறு. இதைத்தான் நாம் போதிய அளவு சொல்லவில்லை. மீன் வாங்க மூன்று பேராகப் போவதும், மளிகைக் கடை வாசலில் அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுவதும் அனுமதிக்கப்பட்ட பட்டியலுக்குள் நடந்தன; தொற்றும் அங்கேதான் நடந்தது. வீட்டில் சளியோ காய்ச்சலோ இருக்கும்போது அரிசியைக்கூட அடுத்த வீட்டாரைத்தான் வாங்கிவரக் கேட்க வேண்டும். கடற்கரை ஊர்களில் அது கூச்சப்படும் உதவி இல்லை. புயல் காலத்தில் செய்து பழகியது.

இந்தப் பொறுப்பைக் குடிமக்கள் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமில்லை. அன்றாடம் மீன்பட்டால்தான் அன்றாடம் அரிசி என்று இருக்கும் வீட்டில் ஒரு மாதச் சாமானை ஒரே முறையில் வாங்கிவைக்கச் சொல்வது, இல்லாத பணத்தைச் செலவழிக்கச் சொல்வது. 2020இல் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது. 2021இல் இரண்டு தவணையாக 4,000 ரூபாயும் 14 வகை மளிகைப் பொருளும் வந்தன. கடைக்குப் போகாதே என்ற அறிவுரையைவிட அந்த மளிகைப் பை பலரைக் கடைக்குப் போகாமல் வைத்தது. மூடச் சொல்லப்பட்ட கடைக்காரருக்கோ வாடகை மூடவில்லை. 2021 ஜூலையில் கேரள வணிகர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் இறங்கிப் போராடியது இதனால்தான். அந்த அழுத்தத்தின் நடுவே பக்ரீத்துக்கு மூன்று நாள் தளர்வு கொடுத்த கேரள அரசை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. கண்டிப்பு சரி. மூடிய கடைக்கு நிவாரணம் என்ன என்ற கேள்வி மட்டும் அங்கேயும் இங்கேயும் பாதியில் நிற்கிறது.

இப்போது பெருந்தொற்று நெருக்கடி இல்லை. பட்டியல் எழுத இதுவே நல்ல நேரம். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டத்துக்கென்று ஒரு வரைவு இருக்க வேண்டும். மேட்டுப்பகுதிக்கு ரப்பர் பால் எடுப்பவர், சமவெளிக்கு வாழை விவசாயி, கரைக்கு வலை தைப்பவர், மீன் சுமந்து விற்கும் பெண், சந்தைக் கடைக்காரர், அரசு மருத்துவர் என்று உட்காரவைத்து எழுத வேண்டும். எந்தக் கடை என்பதோடு, உள்ளே எத்தனை பேர், எத்தனை மணி நேரம், காற்றோட்டம் எப்படி என்பதும் அதில் இருக்க வேண்டும். நேரத்தைச் சுருக்குவதில்லை என்ற உறுதியும் இருக்க வேண்டும். மீறலுக்கு ரசீது மட்டும்தான் என்றும் எழுத வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பழைய 188க்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223 வந்துவிட்டது. 200 ரூபாய் அபராதம் 2,500 ஆகவும் ஒரு மாதச் சிறை ஆறு மாதமாகவும் உயர்ந்திருக்கின்றன. தண்டனையைத் திருத்தி எழுதியாயிற்று. வலைநூலைப் பட்டியலில் எழுதுங்கள்.